கூட்டாளியை எப்போது கைவிடலாம்?

சதுரங்கத்தில் பொய்க்கு இடமில்லை. காய்கள் யாவும் கண்முன் நிற்கின்றன. டிப்ளோமசி ஆட்டம் அப்படியன்று. அமெரிக்கரான ஆலன் கால்ஹாமர் உருவாக்கி 1959-இல் வெளியிட்ட இதில், ஐரோப்பாவின் வரைபடத்தைச் சுற்றி ஏழு பேர் ஏழு வல்லரசுகளாக அமர்கின்றனர். கதை தொடங்கும் ஆண்டு 1901. படைகளுக்குச் சோறு போடும் மையங்கள் 34. அவற்றில் 18 பெற்றவர் வென்றவர். பகடை கிடையாது. எல்லாப் படைகளும் சம பலம். ஆகவே பிறர் துணையின்றி எவரும் வெகுதூரம் போக முடியாது. துணை வேண்டுமெனில் வாக்குக் கொடுக்க வேண்டும். பின்னர் அவரவர் கட்டளையை இரகசியமாக எழுதி, ஒரே நேரத்தில் வெளியிடுவர். வாக்கு நின்றதா, பறந்ததா என்பது அப்போதுதான் தெரியும்!

பொய் பழக்கும் ஆட்டம் நம் பெண்களுக்கு எதற்கு என்று பெற்றோர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஏழு பேரும் அறிந்தே அமர்கிறார்கள். அங்கே ஏமாறுவது துருக்கியின் படை, தோழி அல்லள். எனினும், "மாதாமேல் ஆணை, செவஸ்தபோலைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுகிறவளை நான் ஒப்பமாட்டேன். இரண்டாம் கட்டளை விளையாட்டுக்கு விடுமுறை தரவில்லை. "நீ என் உயிர்த்தோழி அல்லவா?" என்று கெஞ்சி இணங்க வைப்பதும் அதே இனம்தான்.

சரி, எப்போது கைவிடலாம்? ருஷ்யாவும் துருக்கியும் கருங்கடலில் கப்பல் விடுவதில்லை எனப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். துருக்கி முதல் வசந்தத்திலேயே அங்கு நுழைந்தால் கிடைப்பது வெறும் தண்ணீர். கடலில் மையம் கிடையாது. ருஷ்யா விழித்துக்கொள்ளும்; பயந்திருந்த ஆஸ்திரியாவும் நிமிர்ந்து உட்காரும். மையங்களைக் கணக்கெடுப்பதோ இலையுதிர் காலத்துக்குப் பிறகே. ருஷ்யப் படைகள் வடக்கே தொலைவில் சிக்கியிருக்க, இரண்டு மூன்று மையங்கள் ஒருசேர விழுமானால் யோசிக்கலாம். ஒரே ஒரு மையத்துக்காகக் கூட்டாளியை இழப்பது எலிக்காக வீட்டைக் கொளுத்திய கதை.

இருவர் கடைசிவரை வாக்குக் காத்தால், ஆளுக்கு 17-இல் வந்து நிற்கலாம். அப்போது அந்த 18-ஆவது மையம் உறுதியாகக் கைக்கு வருமெனில் எடுத்துவிடலாம் என்பதே என் கட்சி. ஆட்டம் அத்துடன் முடிகிறது, பழிவாங்க அடுத்த முறை இல்லை. உறுதியில்லையெனில், மிஞ்சியவர்கள் இசைந்து சமமாகப் பங்கிட்டு முடிக்க விதியே இடம் தருகிறது. நான் அதைத்தான் கேட்பேன்.