தாடை தமிழருடையது, பயிற்சிமொழி எவருடையது?

பட்டினப்பாக்கத்து மீனவர் பேசுவது தமிழ். அவர் தாடையில் செயற்கைப் பல்வேர் பதிக்கவும், ஈற்றை அறுத்துச் செப்பனிடவும் பல் மருத்துவர் பெறும் தொடர்பயிற்சியோ ஆங்கிலம்! அக்கலை ஆங்கிலேயன் ஈன்றதா? தைத்தானிய மாழையை எலும்பு இறுகப் பற்றுமெனக் கண்டு, 1965இல் மாந்தர் தாடையில் நட்டவர் சுவீடன் நாட்டுப் பிரோனெமார்க்கு. தமிழில் இயலாதென்பீரோ? 1864இலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கினார் அமெரிக்கரான கிறீன்! அயலார்க்கு இயன்றது நமக்கு இயலாதா?

புகைப்போர்க்கும், நீரிழிவை அடக்காதார்க்கும் நட்ட வேர் தவறுதல் மிகுதி. சுற்றியுள்ள ஈறு சீழ்கொள்ளின் எலும்பும் கரையும். இவற்றை அறியாது ஆங்கிலத் தாளில் ஒப்பமிடுவது இசைவாகுமா? பல் மருத்துவர்களே, பயிற்சியைத் தமிழில் நடத்துங்கள். இசைவுத்தாளைத் தமிழில் தாருங்கள்! நோயர்களே, தமிழில் விளக்கும்வரை, வினவுவதற்கன்றி வாய் திறவாதீர்!