குலுக்கையும் கிட்டங்கியும்

‘மெமரி கார்டு பழுதாகும், எல்லாத்தையும் க்ளவுடில் வை’ என்று சொல்லியே மின்வாசிப்பான்களில் கார்டு போடும் இடத்தை அடைக்கிறார்கள். மென்பொருள் என் தொழில். இந்த வாதத்தை நான் நம்பவில்லை.

2007இல் வந்த முதல் கிண்டிலில் எஸ்டி கார்டு போடலாம். 2009இல் வந்த இரண்டாவதில் முடியாது. அதே ஆண்டு ஜூலையில், உரிமை இல்லாத பதிப்பு என்று சொல்லி, வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆர்வெல்லின் ‘1984’ஐ அவர்கள் கருவியிலிருந்தே அமேசான் அழித்தது. காசும் மன்னிப்பும் பிறகு வந்தன. ஆனால் சாவி யார் கையில் என்பது தெரிந்துபோனது.

கார்டு பழுதாகாதா? ஆகும். அதுக்கு வைத்தியமும் உண்டு. 64 ஜிபி கார்டைப் பழைய கருவி காட்டவில்லையா? பெரும்பாலும் கார்டு எக்ஸ்ஃபேட் வடிவில் இருக்கும், கருவிக்கு ஃபேட்32 மட்டும்தான் தெரியும். கணினியில் நகலெடுத்துவிட்டு, ஃபேட்32ஆக ஃபார்மேட் பண்ணினால் போதும்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் சம்சாரி விதையைத் தன் வீட்டுக் குலுக்கையில் வைத்தான். வண்டு விழும் என்று தெரியும். வெயிலில் காயப்போட்டான், வேப்பிலை போட்டான். வியாபாரியின் கிட்டங்கியில் விட்டுவிட்டு வரவில்லை.

இடைசெவல் கி.ரா. தொகுத்த கரிசல் அகராதி என் அலமாரியிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக மறையாது. மின்நூலுக்கும் அந்த உரிமையைத்தான் கேட்கிறேன். கார்டு போட இடம் கொடுங்க. பழுதானா நாங்க பாத்துக்கிறோம்.