ஒரு நாளின் இரு நினைவுகள்

லிந்துலைப் பகுதிப் பள்ளிகளில் வரலாறு கற்பிப்போர்க்கு ஒக்டோபர் 30 ஐப் போல வாய்ப்பான நாள் பிறிதில்லை. 1999 இல் அந்நாளிலேதான் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சராயிருக்கையிற் காலமானார். மலையகம் அவரை மாலையிட்டு நினைவுகூர்வது தகும். ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அந்நாளுக்கு வேறொரு நினைவு உண்டு. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதுடில்லியிற் கைச்சாத்திட்டனர்.

1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோரானவர் 975,000 பேரென அன்று கணக்கிட்டனர். அவருள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 150,000 பேரின் கதி பிற்பாட்டுக்கு விடப்பட்டது. 1974 இல் அவர்களையும் சரிபாதியாக்கினர். பாகப்பிரிவினையிற் காணிகூட இத்துணை எளிதிற் பிரிவதில்லை!

எண்களை மட்டும் ஒப்புவித்தால் வகுப்பறை கொட்டாவி விடும். தலவாக்கலையிற் கோச்சியேறித் தலைமன்னார் சென்று, கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, மண்டபம் முகாமிற் காத்திருந்த குடும்பங்களைக் கூறுங்கள். தமையன் இந்நாட்டுக் கொழுந்தும் தங்கை நீலகிரிக் கொழுந்துமாகப் பிரிந்த வீடுகள் உண்டு. கேட்கும் மாணவனின் பாட்டியே அவற்றுள் ஒன்றைச் சேர்ந்தவராயிருத்தலும் கூடும்.

இரண்டும் ஒரே நாளில் வந்தது தற்செயலே. பஞ்சாங்கத்திற் பொருள் தேடுவாரோடு நான் உடன்படேன். எனினும் தொண்டமான் அவ்வொப்பந்தத்தை வன்மையாக எதிர்த்தவர். அதனை மறைத்துவிட்டு அவரை மட்டும் போற்றுதல் பாதிக் கதையாகும். மாலையிட்டு முடிந்தபின் மாணவர் ஒருவர் எழுந்து ஒப்பந்தத்தை உரக்க வாசிக்கட்டும், அது நீண்டதன்று.