முதல் வயலினை வாங்காதீங்கோ

எங்கட பற்ச்சில ஒருத்தி முதலாம் வருடத்தில் வயலின் படிக்கத் தொடங்கினாள். அம்மா சங்கிலியை அடகு வைத்து புது வயலின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். பளபளப்பு, பெட்டி, வில் எல்லாம் ஒரு செற். முதல் வகுப்பிலேயே ரீச்சருக்குச் சுருதி சேர்க்க அரை மணித்தியாலம் போனது. பிருடை நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டே இருந்தது. நாலு மாதத்தில் விட்டுவிட்டாள். "எனக்குச் சங்கீதம் வராது" என்று இப்போதும் சொல்லித் திரிகிறாள்.

எங்களுக்கு அதில் சம்மதம் இல்லை. சுருதி நிற்காத வயலினில் யாருக்குத்தான் வரும்?

அவளுடைய வீட்டில் வாடகை வயலின் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "இரவல் வாத்தியத்தில வித்தை வராது" என்று அம்மம்மா மறுத்துவிட்டாராம். சரஸ்வதி பூசைக்கு வைக்கிற சாமான் சொந்தமாக இருக்கவேண்டும் என்ற எண்ணம் எங்களுக்கும் விளங்காமல் இல்லை. ஆனால் சங்கிலி இன்னும் அடகில்தான். வாடகை வேண்டாம் என்று வாங்கினவர்கள், வாசிக்காத வயலினுக்கு மாதா மாதம் வட்டி கட்டுகிறார்கள். அதுவும் வாடகைதானே? காசு வங்கிக்குப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்கள் கம்பஸுக்கு வந்தபோது மகாபொல மாதம் 5000 ரூபா. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 வரை ஏறினது. பிறகு இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. வயலின் இந்தியாவில் இருந்தோ சீனாவில் இருந்தோதான் வருகிறது. அதனால் முன்பு நல்லதொன்று வாங்கின காசுக்கு இப்போது கிடைப்பது பிருடை வழுக்குகிற சாமான்தான். சின்னப் பிள்ளைகள் என்றால் இன்னும் மோசம்: கால், அரை, முக்கால் என்று கை வளர வளர அளவு மாற்றவேண்டும்.

எல்லா வாத்தியத்துக்கும் இதைச் சொல்ல மாட்டோம். மிருதங்கத்தில் தோல் தேயும், மூட்டு மாற்றவேண்டி வரும். ஆண் குரலுக்குச் சேர்த்தது பெண் குரலுக்குச் சரிவராது. அதைச் சொந்தமாக வைத்திருப்பதே நல்லது. வயலின் அப்படியில்லை. கவனமாக வைத்திருந்தால் பத்துப் பேரின் கை மாறினாலும் கெடாது.

அப்ப வாடகைக்கு எங்கே எடுப்பது? கலியாணத்துக்குக் கதிரை, கிடாரம், ஜெனரேற்றர், மணவறை எல்லாம் வாடகைக்கு எடுக்கிற ஊர் இது. வயலின் கேட்டால் கடைக்காரர் எங்களை ஒரு மாதிரிப் பார்க்கிறார். ஆனால் ஒழுங்கைக்கு ஒரு வயலினாவது அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. வட இலங்கை சங்கீத சபைச் சோதனை முடிந்த கையோடு மூடி வைத்தது, அக்கா கனடா போகேக்க விட்டுட்டுப் போனது... கேட்டால் "விக்க மனம் வரேல்லை" என்பார்கள். விற்கவேண்டாம், வாடகைக்குத் தாருங்கள் என்பதுதான் எங்கட கதை.

கொக்குவிலில் ஒரு அன்ரி அப்படித்தான் தந்தார். மாதம் 1000 ரூபா. ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம்: கம்பி அறுந்தால் எங்கள் செலவு, வெடிப்பு விழுந்தால் திருத்தித் தரவேண்டும், ஒரு வருடத்துக்குப் பிறகு யாராவது வாங்க விரும்பினால் கட்டின வாடகையை விலையில் கழிப்பார். எடுக்கும்போதே நாலு பக்கமும் படம் எடுத்து வைத்தோம். பிறகு சண்டை வரக்கூடாது பாருங்கோ. மூன்று பேர் பங்கு போட்டு, முறை வைத்து வாசிக்கிறோம்.

குறை இருக்கிறது. முறை இல்லாத நாளில் சாதகம் இல்லை. சோதனைக் கிழமையில் யாருக்கு வயலின் என்று ஒருக்கா முகம் பார்க்காமலும் இருந்தோம்.

போன மாதம் அவளிடம் அதைக் கொடுத்து 'ச' மட்டும் இழுக்கச் சொன்னோம். இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். "இது நிக்குதடி" என்றாள். இப்போது வெள்ளிக்கிழமை முறை அவளுக்கு. பங்கு நாலாகி, ஆளுக்கு 250 ரூபா.