பிரிண்டர் விற்றவர் பொறுப்பு பில்லோடு முடிவதில்லை

வாடகை, மின்கட்டணம், மை விலை எனப் பல சுமைகளைத் தாங்கிவரும் போட்டோ ஸ்டுடியோ வணிகர்களுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்திருக்கிறது. படத்தைத் திருத்தும் சாப்ட்வேரும் பிரிண்டரின் டிரைவரும் ஒத்துப்போவதில்லை. திரையில் லட்சணமாகத் தெரியும் மணமகளின் முகம் தாளில் செக்கச் சிவந்து வருகிறது. தாளும் வீண், மையும் வீண், வாடிக்கையாளரிடம் கெட்ட பெயர் வேறு.

டிரைவர் என்பது கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் நடுவே நிற்கும் தரகர். நிறத்தைச் சரிசெய்யும் வேலையைப் போட்டோஷாப்பும் செய்யும், டிரைவரும் செய்யும். ஒரே படத்தில் இரண்டும் கை வைத்தால் நிறம் கெடும். போட்டோஷாப்பிடம் அப்பொறுப்பை விட்டால், டிரைவரில் அதை நிறுத்திவிட வேண்டும். காசு செலவில்லாத இந்தத் திருத்தத்தை உறுப்பினர்கள் முதலில் செய்து பார்க்கலாம்.

ஆனால் எல்லாக் கோளாறும் இப்படித் தீர்வதில்லை. 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, 64 பிட் வடிவில் மட்டுமே கிடைக்கிறது. பழைய 32 பிட் டிரைவர் அதில் ஏறாது. தயாரிப்பாளர் புதிய டிரைவர் தராவிட்டால், நன்றாக ஓடும் பிரிண்டரும் பெரும்பாலும் மூலைக்குப் போக வேண்டியதுதான். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால், கம்ப்யூட்டரை மாற்றும் நெருக்கடி பலருக்கும் வந்துள்ளது. 2021 மார்ச்சில் விண்டோஸ் அப்டேட் ஒன்றால், சில வகைப் பிரிண்டர்களில் அச்சிட முயன்றதும் கம்ப்யூட்டரே நீலத்திரை காட்டி நின்றது. அதே மாதம் திருத்தம் வந்தது என்றாலும், அதுவரை வேலை கெட்டது கெட்டதுதான்.

இந்த இடத்தில் விற்பனையாளர் சாப்ட்வேரைக் கைகாட்டுகிறார். சாப்ட்வேர்காரர் பிரிண்டரைக் கைகாட்டுகிறார். கடப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்கோ புதுச்சேரிக்கோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறும் சிறு வணிகருக்கு அன்றைய வியாபாரம் போயிற்று.

"நாங்கள் செய்த பொருளா?" என்று கம்ப்யூட்டர் விற்கும் நண்பர்கள் கேட்கலாம். செய்தவர் அவர்கள் அல்லர். "உங்கள் வேலைக்குப் பொருந்தும்" என்று சொல்லி விற்றவர்கள் அவர்களே. நிறுத்துப் பார்க்காமல் அரிசி மூட்டையை வாங்குவோமா? வாங்குபவரின் கம்ப்யூட்டரில், அவர் பயன்படுத்தும் சாப்ட்வேரிலேயே, ஒரு படத்தை அச்சிட்டுக் காட்டிய பிறகு பணம் பெறுவதே நேர்மையான வியாபாரம். எந்த விண்டோஸில், எந்தச் சாப்ட்வேரில் சோதிக்கப்பட்டது என்பதைப் பில்லில் ஒரு வரி எழுதித் தரட்டும்.

வாங்குவோரும் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்க வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே பொருள் வாங்குபவரும் நுகர்வோரே. வழக்கு என்று வந்தால் எழுத்தில் உள்ளதுதான் பேசும்.

விற்பவரும் வாங்குபவரும் நம் சங்கத்தின் இரு கண்கள். தை முகூர்த்தங்களும் ஜூன் மாதப் பள்ளிச் சேர்க்கையும்தான் ஸ்டுடியோக்காரரின் அறுவடைக்காலம். அந்த நாட்களில் ஒரு பிரிண்டர் நின்றால் ஒரு குடும்பத்தின் வரும்படி நிற்கும் என்பதை மனத்தில் கொண்டு, இந்த வழக்கத்தை நம் பகுதிக் கடைகளில் உடனே தொடங்கும்படி வேண்டுகிறோம்.