20 நிமிடம்
தாளிக்கும்போது எண்ணெய் தெறித்துக் கையில் பட்டால், நம் வீடுகளில் உடனே தேடுவது இட்லி மாவை, பற்பசையை, பேனா மையை. இவை காயத்தை ஆற்றுவதில்லை. புண்ணில் கிருமி சேரவே வழிசெய்கின்றன. செய்ய வேண்டியது எளிது: வீங்குமுன் வளையலைக் கழற்றிவிட்டு, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் கையைக் காட்டுவது. ஐஸ் வைக்கக் கூடாது, கொப்புளத்தை உடைக்கக் கூடாது. பெரிய காயமென்றால் மருத்துவமனைதான்.

காசில்லாத வைத்தியம். அப்படியும் மாவுதான் ஜெயிக்கிறது. அறியாமை மட்டுமே காரணம் என்று நான் நம்பவில்லை. மாவைத் தடவ அரை நிமிடம் போதும்; அடுத்த தோசையையும் அவளே திருப்பிவிடுவாள். 20 நிமிடம் அவள் குழாயடியில் நின்றால், அடுப்பை யார் பார்ப்பது என்ற கேள்வி வரும்.

வரட்டும். கை சுட்டுவிட்டதா? முதலில் அடுப்பை அணையுங்கள். பசிக்கிறவர்கள் எழுந்து வரட்டும்.