வெண்டைக்காயின் ஜாதகம்

நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்குகிற தமிழர் உண்டா? ஆனால், "இது என்னப்பா ரகம்?" என்று கேட்டவரை நான் பார்த்ததில்லை.

ரகத்தில்தான் சார் இருக்கிறது சமாசாரம். 1960-களில் டெல்லியில் உருவான பூசா சவானிதான் ராஜா. வெண்டையின் பரம வைரியான மஞ்சள் நரம்புத் தேமலைத் தாக்குப்பிடித்தது. வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ் நோய் அது. இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி, காயும் வெளிறிவிடும். வந்த செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. போகப்போக பூசா சவானியும் படுத்துவிட்டது.

பிறகு காட்டு வெண்டையோடு சம்பந்தம் பண்ணி பெங்களூரில் அர்கா அனாமிகா, மகாராஷ்டிராவில் பர்பனி கிராந்தி. இவற்றையும் இப்போது பல இடங்களில் தேமல் விட்டுவைப்பதில்லை.

மொட்டை மாடியில் இரண்டு பையில் அனாமிகா, இரண்டில் ஹைபிரிட் போட்டேன். ஹைபிரிட் முந்திக்கொண்டு பூத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய் கொடுத்தது. அனாமிகா நிதானப் பேர்வழி. நின்று நிதானமாகக் காய்த்தது.

கீழ்வீட்டு மாமி ஹைபிரிட்டில் விதை கேட்டார்.

"அதோட வாரிசு அதை மாதிரியே இருக்காது மாமி. அனாமிகாவுல எடுத்துக்குங்க."

"அப்ப வருஷா வருஷம் கடைக்குத்தான் அழணுமா?"

மாமிக்கு ஒரு பாக்கெட். ஏக்கர் கணக்கில் போடுகிற விவசாயிக்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் விதைச் செலவு. பூக்கும் முன்பே மஞ்சள் வந்தால் அதுவும் போச்சு. அதனால்தான் விதைக்கடையில் அவர் கேட்கிற முதல் கேள்வி, "மஞ்சளைத் தாங்குமா?" எத்தனை டன் விளையும் என்பதெல்லாம் அப்புறம்.